மோட்டார் கொட்டகைக் கேமரா

நடவுக்கு வரும் பெண்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்தான் சேலை மாற்றி, மேலே ஆண் சட்டை போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். இன்று அந்த மூலையில் ஒரு கேமரா முளைத்திருந்தது. கொட்டகைக் கதவு முன்பக்கம் இருக்க, இது பின்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தது.

நடவு ஆட்களைக் கூட்டி வந்த அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கிய நாற்றுமுடிகள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வரப்பில் குவிந்து கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியதும் அவள் போன் அடித்தது. சென்னையிலிருந்து நிலத்துக்காரர் ராஜகோபால்.

"என்ன அம்சம், எல்லாரும் வரப்புல உக்காந்திருக்கீங்க?"

"அங்கேருந்தே தெரியுதுங்களா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"நாங்க சேலை மாத்துற எடங்க அது. கேமராவக் கழட்டச் சொல்லுங்க."

"அட, மோட்டார் திருடு போவுதுன்னு மாட்டுனது. உங்களையா நான் பாத்துக்கிட்டிருக்கப் போறேன்?"

"நாங்க உக்காந்தத இப்பப் பாத்தீங்கல்ல."

அவர் குரலை இறக்கினார்.

"நாத்து வாடிரும், அம்சம்."

"வாடும்ங்க. கழட்டுற வரைக்கும் அதையும் பளிச்சுன்னு பாருங்க."