ஷெர்லின் பிடித்த குடம்

பாத்திரக் கடையில் சத்தியம் எடுபடாது. பிள்ளை மேல் சத்தியம், சாமி மேல் சத்தியம், எதுவும் எடுபடாது. எவர்சில்வர் வாங்க வருகிறவர்களுக்குக் காந்தம் வைத்துக் காட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு, ஒட்டினால் கலப்படம். இந்தச் சட்டத்தை எவன் எழுதினான் என்று கேட்கக் கூடாது. திருவொற்றியூரில் பாத்திரம் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும், அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் கல்லா மேசை இழுப்பறையில் ஒரு லாடக் காந்தம் வைத்திருந்தார். சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை போட்ட காலத்திலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. வந்தவர் முகத்தில் கொஞ்சம் சந்தேகம் தட்டினால் போதும், காந்தத்தை எடுத்துக் குடத்தின் வயிற்றில் வைத்துக் கையை விட்டுவிடுவார். காந்தம் டங்கென்று கீழே விழும். அந்தச் சத்தத்தோடு பேரம் முடிந்துவிடும். ஆசீர்வாதமும் அதை மனசார நம்பினார். ஊரை ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அங்கம்மா வந்திருந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி, மீன் ஏலம் எடுக்கிறவள். மகள் சினேகாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். சீர்ப் பாத்திரம் மொத்தமும் ஆசீர்வாதம் கடையில்தான் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தாள். அங்கம்மா ஒரு கடையில் வாங்கினால் குப்பத்துக் கல்யாணமெல்லாம் அந்தக் கடைக்கு வரும். அவள் ஒரு கடையைத் திட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஆசீர்வாதம் பார்த்திருக்கிறார். எதிர்ச்சாரியில் இருந்த ஒரு பாத்திரக் கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை.

குடம், அண்டா, தவலை, தட்டு, டம்ளர் என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தது. நடுவில் ஆசீர்வாதத்தின் மகள் ஷெர்லின், நாலு வயசு, கையில் ஒரு தூண்டிலோடு உட்கார்ந்திருந்தாள். தூண்டில் என்றால் ஐஸ் குச்சியில் ஒரு நூல், நூல் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு காந்தம். பிளே ஸ்கூலில் யசோதரா மிஸ் கொடுத்தது. அந்த மிஸ்ஸுக்கு எழுத்தைவிட விளையாட்டில்தான் பிரியம். போன வாரம் பிள்ளைகள் ஐஸ் கட்டி கரைகிறதை உட்கார்ந்து பார்த்தன. இந்த வாரம் தொட்டியில் காகித மீன், மீன் வாயில் கிளிப், காந்தத் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும். அதோடு விட்டாரா? வீட்டில் எது எது ஒட்டுகிறது, எது எது ஒட்டவில்லை என்று பார்த்து வந்து சொல்லச் சொல்லித் தூண்டிலையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அப்பா, மீனு மாட்டிக்கிச்சு" என்றாள் ஷெர்லின்.

ஆசீர்வாதம் திரும்பினார். பெரிய குடத்தின் கழுத்தில் அந்தப் பொத்தான் காந்தம் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கம்மாவும் பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி இது, ஒட்டிக்கினு கீது?"

ஆசீர்வாதம் சிரித்தபடி இழுப்பறையைத் திறந்தார். லாடக் காந்தத்தை எடுத்து அதே கழுத்தில் வைத்துக் கையை விட்டார். டங். "பாத்தியாக்கா? எங்க ஒட்டுது?"

அங்கம்மா குனிந்து பொத்தான் காந்தத்தைப் பிடுங்கினாள். மறுபடி வைத்தாள். ஒட்டியது. வயிற்றில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு விழுந்தது. கழுத்துக்குக் கொண்டுபோனாள். ஒட்டியது.

"இதே குடந்தான். அங்க ஒட்டுது, இங்க ஒட்டல. உன்னுது எங்கியுமே ஒட்டல. எந்தக் காந்தம் அண்ணாச்சி நெசம்?"

ஆசீர்வாதத்துக்குப் பதில் தெரிந்தால் அல்லவா சொல்ல? தெரியாத மனுஷன் என்ன செய்வானோ அதைச் செய்தார். பிள்ளை மேல் பாய்ந்தார்.

"நீ அமுக்கிப் பிடிச்சிருப்ப. அது விளையாட்டுச் சாமான். ஒட்டவே இல்ல. சொல்லு, ஒட்டல."

ஷெர்லின் குடத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "ஒட்டிச்சுப்பா."

"பொய் சொல்லாத. ஒட்டல. சொல்லுன்னா சொல்லணும்."

அவள் உதடு பிதுங்கியது. "ஒட்டல" என்றாள்.

அங்கம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "கொயந்தைய ஏன் அண்ணாச்சி மெரட்டுற? எல்லாம் இங்கியே கெடக்கட்டும். நாளிக்கு வரேன். நல்லா பாத்து வெச்சி, உன் வாயால சொல்லு. நல்ல சரக்கா, இல்லியா. பொண்ணு போற வூட்ல என் மானம் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஆசீர்வாதம் தூண்டிலைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்டு கடை முழுக்க மீன் பிடித்தார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. விலை கூடின குடங்களின் கழுத்தில் ஒட்டியது. அண்டாவின் விளிம்பில் ஒட்டியது, அடியில் ஒட்டவில்லை. அவரே மட்டம் என்று சொல்லி மூலையில் அடுக்கி வைத்திருந்த மலிவுத் தட்டுகளில் எங்கே வைத்தாலும் ஒட்டவே இல்லை. இது என்ன கூத்து? மட்டச் சரக்கு உத்தமமாக நிற்கிறது, உசந்த சரக்கு மாட்டிக்கொள்கிறது. கடைசியில் சந்தேகம் வந்து, அவருடைய லாடக் காந்தத்தை இரும்பு ஷட்டரில் வைத்துப் பார்த்தார். அதிலும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் கன்டெய்னர் லாரி போனதில் ரேக்கிலிருந்த டம்ளர்கள் கலகலத்தன. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு இதை வைத்துக் காட்டியிருப்பார்? விற்றது நல்லதா, கெட்டதா? அவருக்கே தெரியவில்லை.

சவுகார்பேட்டை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். அந்த மனுஷன் முன்னூத்தி நாலு, இருநூத்தி ரெண்டு என்று தகட்டு ரகங்களை நம்பராக அடுக்கினான்.

"நம்பர் எனக்கெதுக்கு? நல்லதா, கெட்டதா, அதச் சொல்லும்."

"எல்லாமே எவர்சில்வர்தான் அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் காலையில் ஷெர்லினைப் பள்ளியில் விடப் போனவர், ஒரு எவர்சில்வர் செம்பையும் இரண்டு காந்தங்களையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பள்ளி என்பது தேரடிப் பக்கம் ஒரு வீட்டு மாடி. யசோதரா மிஸ் சோப்பு நுரையும் கையுமாக வந்தார். சின்ன வயசுதான், ஆனாலும் மிஸ் என்பதால் ஆசீர்வாதம் கொஞ்சம் பம்மினார்.

"மிஸ், எதுல ஒட்டும், எதுல ஒட்டாது? ஒரே பேச்சா சொல்லிருங்க."

"ஒரே பேச்சா சொல்ல முடியாதே சார். எவர்சில்வர்ல பல வகை இருக்கு. சில வகையில நல்லா ஒட்டும், சில வகையில ஒட்டாது. ஒட்டாத வகையிலயும், தகட்டை அமுக்கி வளைச்ச இடத்துல மட்டும் லேசா ஒட்டலாம். குடத்துக்குக் கழுத்து மாதிரி."

"அப்ப ஒட்டினா கலப்படம் இல்லையா?"

"ஒட்டுதேன்னு கெட்டதுன்னும் சொல்ல முடியாது, ஒட்டலையேன்னு நல்லதுன்னும் சொல்ல முடியாது."

"பின்ன எத வெச்சுத்தான் கண்டுபிடிக்க?"

"காந்தத்த மட்டும் வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது சார்."

ஆசீர்வாதம் லாடக் காந்தத்தை நீட்டினார். மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கீழ போட்டீங்களா?"

"தினமும் போடுவேன். கீழ விழுறதக் காட்டத்தானே வெச்சிருக்கேன்."

"விழ விழ இதுக்குச் சக்தி போயிடும் சார்" என்றார் மிஸ். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு முகம். நல்லதென்று காட்டக் காட்டக் காந்தம் செத்துப்போயிருக்கிறது. ஆசீர்வாதத்துக்கு இதில் கோபம் யார் மேல் என்றுகூடப் புரியவில்லை.

அதற்குள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொருவரும் வீட்டில் பிடித்த மீனைச் சொல்ல வேண்டும். அறிவு என்றொரு வாண்டு, "எங்க வூட்டு பீரோ ஒட்டுச்சு, எங்க ஆயா ஒட்டல" என்றது. எல்லாம் சிரித்தன. ஷெர்லின் முறை வந்தது. மிஸ் அப்பாவின் செம்பையே எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஷெர்லின் தூண்டிலை இறக்கினாள். செம்பின் கழுத்தில் டப்பென்று பிடித்துக்கொண்டது.

"என்ன ஆச்சு ஷெர்லின்?"

ஷெர்லின் செம்பைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒட்டல" என்றாள்.

"நல்லாப் பாரு கண்ணா. ஒட்டுதா, ஒட்டலையா?"

"ஒட்டல மிஸ்." காந்தம் அவள் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. பிள்ளைகள் "ஒட்டுது, ஒட்டுது" என்று கத்தின. அவள் அசையவில்லை, அப்பா முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற பார்வை அது. ஆசீர்வாதத்துக்குப் பாழாய்ப்போன இந்தப் பாத்திர வியாபாரத்துக்கு ஏன் வந்தோம் என்றிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் அங்கம்மா சொன்னபடி வந்தாள். ஷெர்லின் கல்லாப் பக்கம் ஸ்டூலில் இருந்தாள். ஆசீர்வாதம் தெரிந்ததையெல்லாம் கொட்டினார். என் காந்தம் செத்துப்போச்சு என்றார். நல்ல குடத்திலும் கழுத்தில் ஒட்டுமாம், மிஸ் சொன்னாங்க என்றார். ஒட்டாத அந்தத் தட்டுகள்தான் மட்டம், அதை எடுக்காதே என்றார். உள்ளதைச் சொல்லச் சொல்லப் பேச்சு பொய் மாதிரியே வந்து விழுந்தது.

"நீ பேசறது ஒண்ணியும் வெளங்கல அண்ணாச்சி" என்றாள் அங்கம்மா. "ஒட்டுறது நல்லதுங்குற, ஒட்டாதது மட்டங்குற. ஒரே பேஜாரா கீது. பாப்பா சொல்லட்டும். கொயந்த வாயில வர்றத நான் எடுத்துக்கறேன்."

ஆசீர்வாதம் பெரிய குடத்தைத் தூக்கி மேசை மேல் வைத்தார். தூண்டிலை மகள் கையில் கொடுத்தார். ஒட்டல என்று அவள் சொல்லிவிட்டால் சீர் மொத்தமும் இப்போதே வண்டியில் ஏறிவிடும். அவள் அதைத்தான் சொல்லுவாள், அவருக்குத் தெரியும். நேற்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே?

காந்தம் கழுத்தில் போய் ஒட்டியது. ஷெர்லின் தலையை நிமிர்த்தி அப்பா முகத்தைத் தேடினாள்.

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆசீர்வாதத்துக்குப் புரியவில்லை. சிரித்தால் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வாள். முறைத்தால் ஒரு அர்த்தம். சும்மா இருந்தாலும் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்வாள். அவர் சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, ரேக்கைப் பார்த்து நின்றார்.

"என்ன ஆச்சுன்னு அங்கம்மா ஆத்தாகிட்ட சொல்லு மக்கா" என்றார் டம்ளர்களிடம்.

பின்னால் ஸ்டூல் கிரீச்சிட்டது. பிள்ளை எட்டிப் பார்க்கிறாள், முகம் தெரியுமா என்று. அவர் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா."

"என்னைப் பாக்காத. குடத்தைப் பாரு."

"ஒட்டுது" என்றாள் ஷெர்லின், மெதுவாக.

"அப்ப இந்தக் குடம் வேணாம் அண்ணாச்சி" என்றாள் அங்கம்மா. "அடுத்தத வை."

ஆசீர்வாதம் திரும்பவில்லை. ரேக்கிலிருந்த அடுத்த குடத்தை எடுத்து, கையை மட்டும் பின்னால் நீட்டி மேசை மேல் வைத்தார்.

"ஒட்டுது" என்றாள் ஷெர்லின், காந்தம் பிடித்ததுமே, இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே.