ரெண்டு தடவை படிக்கணும்

"லிஃப்ட் வேணாம். எல்லாரும் படியிலயே இறங்குங்க," என்று லிஃப்ட் கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள் நெவெனா. அப்பாவின் சவப்பெட்டியை நான்கு பேர் அப்போதுதான் ஆறாம் மாடியிலிருந்து படி வழியாக இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

எதிர்வீட்டு போத்யோவுக்கு எரிச்சல். "என்னம்மா இது? இந்த லிஃப்டுக்கு மூளை வச்சதே உங்கப்பா லியுபென்தான். அவர் சாவுக்கு வந்தவங்க அதுல ஏறக் கூடாதா?"

"கூடாது, அண்ணே."

காரணத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. லியுபென் வேலை பார்த்த கம்பெனி லிஃப்டுகளில் வைக்கும் கணினிச் சில்லுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. மாடி வந்துவிட்டது என்ற சைகையும் உள்ளே ஓடும் கடிகாரத்தின் துடிப்பும் ஒரே கணத்தில் வந்தால், சைகையே வரவில்லை என்று சாதிக்கும். எந்த மாடி என்று தெரியாமல் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். சில்லைச் செய்தவர்களுக்கு எழுதினால், "அது அப்படித்தான், நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. லியுபென் சமாளித்தார். சைகையை ஒரு தடவை படித்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உடனே மறுபடி படித்து, அதைத்தான் நம்ப வேண்டும். புரோகிராமில் ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கும். ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுகிற நல்ல பழக்கம் மட்டும் அந்த மனிதருக்குக் கிடையாது.

அவர் ஓய்வு பெற்றதும் அதே நாற்காலியில் மகள் உட்கார்ந்தாள். பழைய புரோகிராமைச் சுத்தம் செய்யக் கிளம்பியவள், கைதவறி இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்று நினைத்து ஒன்றை அழித்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பாரே என்ற வீம்பு. திருத்திய புரோகிராமைத் திங்கட்கிழமை சொந்தக் கட்டடத்து லிஃப்டிலேயே ஏற்றிப் பார்த்தாள். வியாழக்கிழமை, மூச்சுத் திணறிய அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தவளை அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தது. சுவரைத் தட்டித் தட்டிக் கத்தினாள். வெளியே வந்தபோது அப்பா இல்லை.

மருந்து வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். ஆனால் கடைசியாக அவர் கையைப் பிடிக்க முடியாமல் போனது அவளுடைய கைங்கரியம்தானே. அந்த வரியைத் திரும்பப் போட இன்னும் அவளுக்குக் கை வரவில்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு, முட்டி வலிக்கார அம்மா டோன்காவைத் தோளோடு பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். நாலாம் மாடியில் டோன்கா மூச்சு வாங்க நின்றாள்.

"அன்னிக்கு நீ கத்தினது அவருக்கு நல்லா கேட்டுச்சுடி. லிஃப்ட் நின்னுபோச்சுங்கன்னேன். சிரிச்சார்."

"சிரிச்சாரா?"

"ஆமா, எத்தனை நாளைக்கப்புறம்! 'ரெண்டு தடவ படிக்கணும்னு அவகிட்ட சொல்லு'ன்னார். அதுக்கப்புறம் பேச்சில்ல."

நெவெனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்த அழுகை மூன்று நாளுக்கும் சேர்த்து வந்தது. "அம்மா, அது நான்தான்..."

"எதுக்குடி அழற? சந்தோஷப்படு. கோயில் வாசல மிதிக்காத மனுஷன், கடைசில ஜெபத்தக் கேட்டிருக்கார் பாரு! பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன், ரெண்டு தடவையும் படிச்சிருவார். எந்திரி. முட்டி வலிக்கு நான்ல உக்காரணும்?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நெவெனா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

கல்லறையில் பாதிரியார் ஜெபத்தைப் படித்து முடித்தார். ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். இறந்தவர் பேரில் எல்லாருக்கும் தரும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைப் பரிமாற போத்யோ கரண்டியைக்கூட எடுத்துவிட்டார். பாதிரியார் டோன்காவை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமி, பக்கங்களைப் பின்னால் புரட்டி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

போத்யோ கரண்டியைக் கீழே வைத்தார். தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதல் தடவை படித்தது எதுவும் நெவெனாவின் காதில் விழவில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.