வடக்கே நின்றுபோன இருமல்

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடலாம்" என்று நாள் முழுக்க ஊராரை மூச்சு இழுக்கவும் விடவும் வைத்துவிட்டு வீடு திரும்பினால், பெற்ற மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பாள். மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் சிட்டு.

அப்போது அவர்கள் இருந்தது வடக்கே, மலையடிவாரத்து நகரம் ஒன்றில். வருஷத்தில் பாதி நாள் ஜன்னல் வரைக்கும் பனி இறங்கி நிற்கும். தொழிற்சாலைப் புகை அதோடு கலந்து மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தெருவிலேயே கிடக்கும். சிட்டுவின் இருமலை அவள் அம்மா ஆயிரம் பேர் நடுவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். வறட்டு இருமல் அடுக்கடுக்காக வரும். பிறகு ஒரு நீண்ட இழுப்பு. அதன் முடிவில் விசில் போலச் சின்னதாக ஒரு சத்தம். அந்த விசில் வந்ததும் குழந்தையைத் தூக்கி மார்பில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, முதுகை வட்ட வட்டமாகத் தடவ வேண்டும். சிட்டு ஒரு கையால் அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். இருமும்போதெல்லாம் மடலை இழுப்பாள். அம்மாவின் தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கழுத்தே கோணிப்போய்விட்டது என்று அப்பா கேலி செய்வார்.

டாக்டர் கடைசியில் கையை விரித்துவிட்டார். "மருந்து நான் எழுதித் தரலாம்மா. காத்தை எழுதித் தர முடியாதே. கடல் பக்கமா, வெயில் அடிக்கிற ஊரா பாத்துப் போயிடுங்க."

அப்பா குளிர்பதன மெக்கானிக். தெற்கே ஒரு துறைமுக நகரத்தில் மீன் கிடங்கில் ஆள் தேவை என்று தெரிந்து எழுதிப் போட்டார். வேலை கிடைத்துவிட்டது. "குளிருக்குப் பயந்து ஓடிப்போறோம். எனக்கு மட்டும் தலையெழுத்தப் பாரு, அங்கயும் ஐஸ் பெட்டிக்குள்ளதான் குடித்தனம்" என்று சிரித்தார். அவளுக்கும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. சாமானைக் கட்டினார்கள். கிளம்புகிற அன்று காலையில்கூட அந்த வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து சிட்டு இருமிக்கொண்டுதான் இருந்தாள். அறையை விட்டுத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றியதும் நின்றது.

பிறகு வரவே இல்லை.

ரயிலை விட்டு இறங்கியபோது வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி காற்று முகத்தில் அடித்தது. வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு பால்கனி. ஜன்னல் கம்பியைத் தொட்டால் உப்பு கையில் ஒட்டும். பூட்டு, கீல், கத்தரிக்கோல் எல்லாம் வந்த வேகத்தில் துருப்பிடிக்கத் தொடங்கின. கீழே தெருவில் ஐஸ் லாரிகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும். அம்மா முதல் சில நாள் தூங்கவே இல்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் சிட்டு மல்லாந்து, கை காலைப் பரப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? காத்துதான் மருந்து" என்றார் அப்பா. மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஆடினார்.

சிட்டு கடற்கரை மணலில் ஓடினாள். வடக்கே நாலு எட்டு வைத்தால் நின்று முட்டியைப் பிடித்துக்கொள்பவள், இங்கே நண்டைத் துரத்தினாள். கன்னம் உப்பியது. கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். நல்லதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அம்மாவின் மனதில் ஒரு முள் கிடந்து உறுத்தியது.

கடைசி மூட்டையைப் பிரித்தபோது துணி யானை கிடைத்தது. பிறந்ததிலிருந்து அது இல்லாமல் சிட்டு தூங்கியதில்லை. "யாரு வந்திருக்கா பாரு" என்று அம்மா நீட்டினாள். சிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எந்தப் பாப்பாவோடதும்மா?"

"உன்னோடதுதான்டி."

"இல்லம்மா. அந்தப் பாப்பா தேடப் போறா."

ஒருநாள் அம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் விரலை எடுத்துத் தன் காதில் வைத்தாள். சிட்டு கூச்சமாகச் சிரித்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் குழந்தை நம்மோடு பழகுகிற மாதிரி இருந்தது. அன்பாகத்தான் இருந்தாள். ஆனால் புதிதாக.

"குழந்தைங்க மறந்துடுவாங்க. நல்லதுதானே? முடியாம கிடந்ததெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணுமா என்ன?" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

மழைக்காலம் முடிகிற நேரம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி.

"நீங்க முன்ன இருந்த வீட்டுக்கு நாங்க குடி வந்திருக்கோம்மா. வீட்டுக்காரர்தான் நம்பர் குடுத்தாரு. நான் வீட்லயே தையல் தைக்கிறேன். அவரு லாரி ஓட்டறாரு, வாரக்கணக்குல வெளிய போயிடுவாரு. ஒண்ணு கேக்கணும்... தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க குழந்தைக்கு இருமல் வந்தா என்ன செய்வீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குக் கேக்கறீங்க? உங்க குழந்தைக்கு முடியலையா?"

"எங்களுக்குக் குழந்தை கிடையாதும்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தச் சின்ன ரூம்ல வெளிச்சம் நல்லா வருதுன்னு மெஷினை அங்க போட்டேன். குடி வந்த அன்னிக்கே கேட்டுச்சு. பக்கத்து வீடுன்னு நினைச்சேன். விசாரிச்சா, அங்க குழந்தையே இல்ல. தாங்கலம்மா. அது பாட்டுக்குத் தனியா திணறுது. நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

கிறுக்குப் பிடித்த பெண் என்று வைத்துவிடத்தான் போனாள். அதற்குள் போனில் கேட்டது. அடுக்கடுக்காக வறட்டு இருமல். நீண்ட இழுப்பு. கடைசியில் விசில்.

வெளியே எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் தானாகப் பேசியது. "படுக்க விடாதீங்க. நிமிர்த்திச் சாய்ச்சுக்கணும். முதுகை வட்டமா தடவணும், அழுத்தாம. ரூம்ல கெட்டில்ல தண்ணி கொதிக்க விடுங்க. ஆவி படணும்."

"சரிம்மா" என்றது அந்தக் குரல். போன் வைக்கப்பட்டது.

அன்று மாலை பள்ளியிலிருந்து சிட்டுவைக் கூட்டி வரும்போது அம்மா அவள் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "வலிக்குதும்மா" என்றாள் சிட்டு.

தையல்காரி வாரம் ஒருதரம் கூப்பிட்டாள். பிறகு அடிக்கடி. ஆவி பிடித்ததில் கொஞ்சம் தேவலை. பனி அதிகமானால் கூடுகிறது. எந்தப் பாட்டுப் பாடினால் அடங்கும்? அம்மா சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டை இந்த வீட்டில் பாடிப் பார்த்தாள். சிட்டு காது கொடுத்தாள். "புதுப் பாட்டா?" என்றாள்.

ஒருநாள் தையல்காரியின் குரலில் பயமும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தது. "இன்னிக்கு என்னை அம்மான்னு கூப்பிட்டுச்சு."

அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று கேட்டார். கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"நம்ம பொண்ணு இங்க இருக்கா. உள்ள உக்காந்து படம் வரைஞ்சிட்டிருக்கா" என்றார்.

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"தெரியல. பாத்துட்டு வந்துடறேன்."

"போயிட்டு வா. நான் தடுக்கல." செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா அங்கேருந்து எதையும் தூக்கிட்டு மட்டும் வந்துடாதே."

அவள் வடக்கே போனாள். ரயில் மேட்டில் ஏற ஏற ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்தது. பழைய தெரு, பழைய படி. கதவைத் திறந்த தையல்காரி அவள் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கழுத்தில் அளவு நாடா, கண்ணுக்குக் கீழே கருவளையம். உள்ளே வரச் சொல்லிவிட்டு, வழியை மறித்து நிற்கவும் தோன்றாமல், விலகி நிற்கவும் மனமில்லாமல் தடுமாறினாள்.

சின்ன அறையில் தையல் மெஷின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. நடுவில் கம்பளி விரித்து, தலையணைகளை அடுக்கி, சாய்ந்துகொள்ள வாகாக வைத்திருந்தாள். மின்சார அடுப்பில் கெட்டில். ஆவி சுவரில் படிந்து வழிந்துகொண்டிருந்தது.

"நான் தனியா இருந்துக்கறேன்" என்றாள் அம்மா.

கம்பளியில் உட்கார்ந்து துணி யானையைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "சிட்டு" என்றாள். "அம்மா வந்திருக்கேன்டி." கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாட்டுப் பாடினாள். பேசினாள். கோபித்துக்கொண்டாயா என்று கேட்டாள். அறைக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பது போலிருந்தது. அவளுக்கு அது பழக்கமான விஷயம். விடச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். ஆனால் அங்கே "விடலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

மதியம் சாய்ந்தது. எழுந்து சமையலறைக்கு வந்தாள். தையல்காரி டீயை நீட்டினாள். ஒரு வாய் குடித்திருப்பாள், உள்ளே இருமல் தொடங்கியது.

தையல்காரி பாதி எழுந்துவிட்டு, வந்தவளின் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். இருமல் கூடியது. விசில் வந்தது. அவளுடைய கைகள் முந்தானையைப் பிசைந்தன.

"போங்க" என்றாள் அம்மா.

தையல்காரி ஓடினாள். அம்மா கதவிடுக்கில் நின்று பார்த்தாள். தையல்காரி தலையணையில் சாய்ந்து, ஒரு கையை வளைத்து, வெறுங்காற்றில் உள்ளங்கையை வட்ட வட்டமாகச் சுற்றினாள். அழுத்தாமல். மடியில் அவளது புடவை, ஏதோ பாரம் உட்கார்ந்த மாதிரி குழிந்திருந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் தலை ஒரு பக்கமாக வெடுக் வெடுக்கென்று சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் காது மடல் சிவந்து, நீண்டு, இழுபட்டுக்கொண்டிருந்தது.

காதைப் பற்றி அம்மா அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

'வா' என்று ஒரு சொல். அது நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் வந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் அவள் நம்புகிறாள். பெற்றவள் கூப்பிட்டால் வராத குழந்தை உண்டா? வந்து, தோளில் ஏறி, ரயிலில் கூடவே உட்கார்ந்து, அந்த வெயில் ஊருக்கு வந்து சேரும். அங்கே மணலில் ஓடிக்கொண்டிருக்கிறவள் சட்டென்று நின்று முட்டியைப் பிடித்துக்கொள்வாள். அவள் கதவிடுக்கில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். இருமல் மெல்ல மெல்லத் தணிந்தது. கடைசியில், தூக்கத்தில் விழுகிற குழந்தை விடும் பெருமூச்சு கேட்டது.

யானையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். தையல்காரி வாசல் வரை வரவில்லை. மடியை அசைக்க முடியாமல், உள்ளிருந்தபடியே தலையை ஆட்டினாள்.

ஸ்டேஷனில் அப்பாவும் மகளும் காத்திருந்தார்கள். அப்பா முதலில் அவளுடைய தோளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகுதான் பையை வாங்கிக்கொண்டார். சிட்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒரு பல் ஆடுகிறது என்று காட்டினாள். அம்மா குனிந்து அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். இந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும், எதற்கு அழும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்று அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினாள். கஷ்டமாக இல்லை. சிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

வடக்கிலிருந்து போன் வருவது குறைந்தது. மாதங்கள் போயின. ஒரு விடுமுறை நாளில் மறுபடி அடித்தது. கணவர் பால்கனியில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இருமல் நின்னுடுச்சும்மா" என்றாள் தையல்காரி. குரல் தெளிந்திருந்தது. "ஒரு மாசமா இல்ல. இப்ப ஒரே ஓட்டம்தான். கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, தலைமேல யாரு குதிக்கிறதுன்னு." சிரித்தாள். பிறகு தயங்கினாள். "உங்க பொண்ணு இப்ப என்ன உயரம் இருப்பா?"

"எதுக்கு?"

"குளிர் வருதில்லம்மா. ரெண்டு கவுன் தைக்கலாம்னு. கண்ணால பாத்து அளவெடுக்க முடியல."

அவள் போனைக் கீழே வைக்காமலே அளவு நாடாவைத் தேடி எடுத்தாள். சிட்டுவைச் சுவரோரம் நிற்க வைத்து, தோளிலிருந்து முட்டி வரைக்கும் அளந்தாள். மார்பைச் சுற்றி அளக்கும்போது உள்ளே மூச்சு சீராக ஏறி இறங்கியது. "எனக்கா?" என்று கேட்டாள் சிட்டு. அம்மா அளவுகளைப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கணவர் பிரஷைப் பிடித்தபடி வந்து நின்றார். யார் போனில் என்று கேட்கவில்லை. மகளையும் நாடாவையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தாராளமாவே தைக்கச் சொல்லு" என்றார். "வளர்ற புள்ள."