மழை விட்ட பதினெட்டாம் நாள்

பெர்கன் நகரத்துப் புகைப்படச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. படம் சொல்லும் கதையை ஒரே வரியில் எழுதி, உறையில் போட்டுத் தலைவியிடம் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் படத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வசந்தகாலக் கண்காட்சியில் இடம். டோர்கெய்ருக்கு மூன்று வருடமாக அது கைக்கெட்டவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று வந்திருந்தான்.

திரையில் அவன் மனைவி சுன்னிவா டிராம் நிறுத்தத்தில் நின்றாள். வாய் பாதி திறந்திருக்க, முகமெல்லாம் வெயில். பதினேழு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின் வந்த வெயில். அவளைச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இருட்டு அறையில் வந்து உட்கார அவளுக்கென்ன பைத்தியமா?

"வெயிலப் பாத்த சந்தோஷம், வேற என்ன?" என்றான் உறுப்பினன் எய்விண்ட், வாயில் வாஃபிள் பலகாரத்தை வைத்துக்கொண்டே.

டோர்கெய்ர் மனசுக்குள் துள்ளினான். உறையில் இருந்ததும் அதுதான்.

"கண்ணாடியத் தொடச்சுப் போடுப்பா." தலைவி அஸ்லோக் எழுந்து திரையருகே போனாள். நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். "வெயில எங்க பாக்கறா இவ? போன் இன்னும் எரியுது பாரு. இப்பதான் பேசி முடிச்சிருக்கா. இன்னொரு கை கம்பியப் பிடிச்சிருக்கு, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. வெயில் காயறவ எதுக்குக் கம்பியப் பிடிக்கணும்?"

"கெட்ட சேதியா?" என்றான் எய்விண்ட்.

"இல்ல. வந்துடும்னு பயந்தது வராமப் போயிருக்கு. இந்த மூஞ்சிய வார்டுல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அத யார்கிட்டயோ சொல்றா. கேமரா வெச்சிருக்கவன்கிட்டதான்."

டோர்கெய்ருக்கு நாற்காலி முள்ளாகிவிட்டது. அன்று அவள் ஏதோ சொன்னாள். வெளிச்சம் போய்விடுமே என்ற பதற்றத்தில், 'ஒரு நிமிஷம், தாடைய இந்தப் பக்கம் திருப்பு' என்றான். அவளும் திருப்பினாள். அதற்கு முன் என்ன சொன்னாள்? லென்ஸில் வைத்த அளவுகள் ஒன்றுவிடாமல் நினைவிருந்தன. பெண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தை நினைவில்லை. எழுந்து கேட்கவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது.

அஸ்லோக் உறையைப் பிரித்துப் படித்தாள். "'பதினேழு நாள் மழைக்குப் பிறகு வந்த சந்தோஷம்.'" அவனை நிமிர்ந்து பார்த்தாள். "படம் பிரமாதம் டோர்கெய்ர். கதைதான் உனக்கே தெரியல. செவ்வாய்க்குள்ள சரியான வரியக் கொண்டா, இடம் தரேன்."

உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். குடையை மறந்துவிட்டான். மலைச்சரிவுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, நனைந்த கோழியாக வீட்டுக்குள் நுழைந்தான். சுன்னிவா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு டிராம் நிறுத்தத்துல போன்ல யாரு?"

கத்தி நின்றது. "ஆஸ்பத்திரி. மார்புல ஒரு கட்டி இருந்துச்சு. என்னன்னு தெரிஞ்சப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். பயப்பட ஒண்ணும் இல்லேன்னாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னேன். நீ தாடையத் திருப்பச் சொன்ன."

அவன் ஈரக்கோட்டோடு உட்கார்ந்துவிட்டான். "அப்புறமாவது..."

"அப்புறம் என்ன சொல்றது? டிராம்ல அழுதேன். பக்கத்துலதான் இருந்த, எடுத்த படத்தையெல்லாம் பாத்துக்கிட்டு."

வெட்கத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை. "படத்தத் திருப்பி வாங்கிடறேன், சுன்னிவா."

"எதுக்கு? மூணு வருஷமா அலையற. மாட்டட்டும்."

"வரி கேக்கறாங்க. எனக்கு எழுத வரல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உறையை இழுத்தாள். அதன் பின்பக்கம் எழுதி அவன் முன்னால் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டாள்.

'இவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.'