தேர்வாய் கண்டிகை டிஷ்

ஆயுத பூஜை அன்றைக்குச் சோதனை ஒளிபரப்பு வேண்டாம் என்று சாம்சன் மும்பைத் தலைமையகத்துக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "எங்களுக்குத் தசரா மறுநாள்தானே" என்று டிவி சேனலின் தலைமை அதிகாரி முடித்துவிட்டார். அவர்கள் காலண்டரில் சிவப்பு இல்லையென்றால் உலகத்தில் யாருக்கும் பண்டிகை கிடையாது.

சாம்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சேனலின் தென்மண்டல ஒளிபரப்பு முழுக்க அவர் கையில். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காலனியில் வயல் கூலிக்குப் போன பீட்டரின் மகன். டிப்ளமோ படித்து, வெயிலில் கேபிள் இழுத்து, படிப்படியாக மூத்த துணைத் தலைவர் வரை வந்தவர். அதற்கு மேல் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. ஒவ்வொரு முறை அது காலியாகும்போதும் மும்பையிலிருந்து யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். போய்த் தொலையட்டும் என்று அந்த ஆசையை விட்டுவிட்டார். விட முடியாதது தேர்வாய் கண்டிகை நிலையம் ஒன்றுதான்.

வெள்ளத்தில் சென்னை அலுவலகம் மூழ்கிச் சேனல் இருண்டுபோன வருஷம், மேலிடத்தோடு மல்லுக்கட்டி அவர் வாங்கிய மாற்று நிலையம் அது. தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு கட்டடம், ஜெனரேட்டர், வானத்தைப் பார்த்து ஒரு பெரிய டிஷ். சென்னை படுத்தால் இங்கிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பலாம். வேலைக்கு எல்லோருமே சுற்றுவட்டாரத்து ஆட்கள், அவரே பார்த்து எடுத்தவர்கள். இப்போது மும்பை, எல்லாம் இன்டர்நெட்டிலேயே போகிறதே, டிஷ் எதற்கு என்று கேட்டது. அவர் விடாமல் நச்சரிக்கவே, சரி, சேனலைப் பத்து நிமிஷம் அங்கிருந்து ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றது. ஓட்டிக் காட்டினால் நிலையம் பிழைக்கும், இல்லையென்றால் பூட்டு. சாம்சன் அப்படித்தான் புரிந்துகொண்டார்.

முந்தின நாள் மாலை அவரே நின்று எல்லாவற்றையும் சரிபார்த்தார். சிக்னல் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை அவர் வந்து சேருவதற்குள் நிலையப் பொறுப்பாளன் மணவாளன் பூஜையை முடித்திருந்தான். பூஜை போட்ட மெஷினை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது பேட்டை முழுக்க உள்ள வழக்கம். "நம்ம சாருக்காவ ஒரு நாளு சாமி பொறுத்துக்கும்" என்று மணவாளன் அதையும் தளர்த்தியிருந்தான். வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய், ஜெனரேட்டருக்கு மாலை. சாம்சனுக்கும் ஒரு பொட்டலம் பொரி கடலை கொடுத்தார்கள். கோயிலுக்குப் போகாவிட்டாலும் பொரி கடலையை அவர் வேண்டாமென்று சொன்னதில்லை.

சொன்ன நேரத்துக்குச் சென்னை கைவிட, தேர்வாய் கண்டிகை சேனலை வாங்கிக்கொண்டது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் தெரிந்தது. உடனே கட்டம் கட்டமாக உடைந்தது. சாம்சன் பவரை ஏற்றினார். முகம் வந்து, மறுபடி உடைந்தது. மும்பையிலிருந்து போனில் ஒரு சின்னப் பையன் குரல் "சார், சிக்னல் வீக்" என்று இங்கிலீஷில் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் முடியுமுன்பே சேனலைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள்.

சாம்சன் வெளியே ஓடினார். ஏணியில் ஏறி டிஷ்ஷின் நடுவே பார்த்தவருக்குத் தலை சுற்றியது. சிக்னல் வெளியேறும் கூம்பின் வாயை மூடியிருக்கும் மெல்லிய படலத்தின் மேல் அப்பம் போலச் சந்தனம். நடுவில் குங்குமம். ஈரம்கூடக் காயவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகிற?" என்று மேலிருந்தே கத்தினார்.

"எல்லாத்துக்கும் வெச்சேன் சார். அதுக்கு மட்டும் எப்டி வெக்காம உடறது?" என்றான் மணவாளன் கீழிருந்து.

"அது வாய்யா. வாயில சந்தனத்த அப்புனா எப்டிய்யா பேசும்? இத்தினி வருசம் இன்னாத்த கத்துகினு கிழிச்ச நீ?"

இன்னும் என்னென்னவோ திட்டினார். காவலாளி, கூட்டிப் பெருக்கும் அஞ்சம்மாள் எல்லோரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டையிலேயே துடைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தால், சிக்னல் நேற்றுப் போலவே பளிச்சென்று இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

தலைமை அதிகாரிக்குப் போன் போட்டார். சரியாகிவிட்டது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சினார். இந்த வேலையில் அவர் யாரிடமும் கெஞ்சியதே இல்லை.

"வருத்தப்படாதீர்கள் சாம்சன்" என்றார் அவர் இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக. "நன்றாக வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இன்டர்நெட் நிறுவனத்தோடு போன மாதமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நீங்கள் அவ்வளவு ஆர்வமாக இருந்தீர்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை."

வெளியே மணவாளன் டிஷ்ஷின் நிழலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டியது சாம்சனைச் சுட்டது. பக்கத்தில் போய் நின்றார்.

"உன்னால இல்லய்யா. போன மாசமே முடிச்சிட்டானுங்களாம். நா வீணா உன்ன பேசிட்டேன்."

மணவாளன் நிமிர்ந்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சார். போன வாரம் காயலாங்கட ஆளுங்க வந்து டிஷ்ஷ அளந்துகினு போனாங்க. ஆபீஸ்ல அனுப்பிச்சாங்கன்னு சொன்னாங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் சார். அஞ்சம்மாக்காவுக்குக்கூட."

"அப்புறம் ஏன்யா என்னாண்ட சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையா ஓடியாந்துகினு இருந்தீங்க. யாருக்கும் வாய் வரல சார். கடைசி பூஜையாச்சேன்னு நாந்தான் சந்தனத்த கொஞ்சம் அள்ளி வெச்சிட்டேன்."

சாம்சனுக்கு ஆத்திரமாக வந்தது. மும்பையும் அவரைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறது, இங்கே பெருக்குகிற அஞ்சம்மாளும் பாவப்பட்டிருக்கிறாள். தென்மண்டலத்துக்கே பெரிய அதிகாரி அவர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை. யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை.

டிஷ்ஷின் காலில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அவனுங்க கழட்ட வர்ற அன்னிக்கு எனுக்கு போன் பண்ணு" என்றார் மணவாளனிடம். "போல்ட்ட எங்கருந்து எடுக்கணும்னு தெரியாம டிஷ்ஷ மேல போட்டுக்கப் போறானுங்க."