பேசி முடிக்கட்டும்

மனநல ஆலோசகர் பயிற்சி வகுப்பில் அவளுக்கு ‘அவசரக்குடுக்கை’ என்று பெயர். எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் மீதியை அவளே சொல்லிவிடுவாள்.

அன்று அவளுடைய முதல் ஆலோசனை. ஆலோசனை கேட்டு வந்தவளின் சம்மதத்தோடு, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சக மாணவர்கள் கவனிக்க உட்கார்ந்திருந்தார்கள். வந்தவளுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வந்தது.

நாற்காலியைத் தள்ளிவந்த அக்கா, “அவ பேசறது புரியாதுங்க, என்னையே கேளுங்க” என்றாள்.

“பாவம், கூட வர்றவங்களையே கேட்டுக்கலாம்” என்று முந்தின நாள் வகுப்பில் மாணவர்கள் பேசிக்கொண்டபோது, பயிற்சி ஆலோசகரான இவளும் தலையாட்டியவள்தான். ஆனால் அக்கா பேசியதும் தங்கையின் முகம் வாடியதை இப்போது நேரில் பார்த்தாள்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க அக்கா” என்று அனுப்பிவைத்தாள்.

“எனக்கு… வாழ…” என்று தொடங்கினாள் தங்கை.

“வாழப் பிடிக்கலையா?”

தங்கை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “வாழ… தனியா… வீடு… பாத்துட்டேன்.”

ஆலோசகரின் முகம் சுண்டிப்போனது. “மன்னிச்சிடுங்க, முந்திரிக்கொட்டையாட்டம் முந்திட்டேன். நீங்க மெதுவாச் சொல்லுங்க.”

அதன்பின் அவள் குறுக்கே பேசவே இல்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய பாடு என்பது கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தங்கைக்கு மொழிபெயர்ப்பு வேலை. தரைத்தளத்தில் வீடு, காலையில் உதவிக்கு ஆள், எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது. அக்காவிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

“இங்கயே சொல்றீங்களா? நான் கூட இருக்கேன்.”

தங்கை யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

மறுபடி உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் அக்கா உடைந்துபோனாள். “நான் என்னடி குறை வெச்சேன்? ஏங்க, நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்க!”

“அவங்க இன்னும் பேசி முடிக்கலைங்க.”

தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “குறை… வெக்கல அக்கா. எனக்கு… தப்பு பண்ணிப் பாக்க… ஒரு எடம்… வேணும்.”

அக்கா நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாத்ரூம்ல கைப்பிடி இருக்கா?” என்றாள்.

அடுத்த மாதமே தங்கை குடிபோனாள். கைப்பிடியை நின்று மாட்டவைத்தது அக்காதான். அடுத்த ஆலோசனைக்குத் தங்கை தனியாக வந்தாள். அன்று அவள் தன் அலுவலக மேலாளரைப் பற்றிச் சொல்லி, அவரை ஒவ்வொரு சொல்லாக நிதானமாக வறுத்தெடுத்தபோது, கண்ணாடிக்கு அப்பால் மாணவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திணறினார்கள்.