நூத்தா இழுத்த திரை

“என் வீட்டுப் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவளா மாதா?” என்று கத்திவிட்டுப் போயிருந்தார் கீனோ. சியெனா நகரின் பெரிய பட்டு வியாபாரி அவர். கோயில் சுவரில் மாதாவை வரையச் சொன்னவரும் அவர்தான். நாளைத் திருவிழாவில் திரை விலகும்போது மாதாவுக்குத் தன் மகளின் முகம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்.

சுவரை மறைத்துத் தொங்கிய திரைக்குப் பின்னால், சாரத்தின் மேல் ஓவியன் மேயோ உளியோடு நின்றான். சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோது தீட்டிய நிறம் இப்போது சுவரோடு சுவராக இறுகிவிட்டது. முகத்தை மாற்றுவதென்றால் கொத்தியெடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும்.

“கொத்தப் போறியா?” கீழிருந்து கேட்டாள் அவன் மனைவி நூத்தா. சுவரில் இருந்தது அவள் முகம்.

“வேற வழி? அவரைப் பகைச்சுக்கிட்டா இந்த ஊர்ல எனக்கு ஒரு சுவர் கிடைக்காது.”

“என்னைக் கட்டிக்காதேன்னு தடுத்தப்ப உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு. அப்ப என்ன பதில் சொன்னே?”

அவள் இல்லாத வீட்டில் தனக்கு ரொட்டி இறங்காது என்று அண்ணனிடம் ஊரறியச் சொன்னவன், இப்போது உளி முனையைத் தேய்த்துப் பார்த்தான்.

நூத்தா அந்த உளியைப் பார்த்தாள். முகம் போனால் போகட்டும். கொத்துவது இவன் கையாக இருந்தால், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது?

விறுவிறுவென்று போய்க் கோயில் கதவைத் திறந்தாள். எதிரே ஊற்றுக்கரையில் அவளோடு துவைக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மெழுகுவர்த்தி எடுத்துட்டு வாங்கடி! மாதாவைப் பாக்கலாம்!”

திரும்பி வந்து இரண்டு கையாலும் திரையை இழுத்தாள். துணி மொத்தமும் அவிழ்ந்து தரையில் விழுந்தது.

“நூத்தா! ஐயோ, என்ன பண்றே?” என்று அலறினான் மேயோ.

முதலில் வந்த பீனா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். “நேத்து என் துவைக்கிற கல்லுக்குச் சண்டை போட்டவ இவ. இவகிட்டயா வேண்டிக்கணும்?”

“என்கிட்ட வேண்டாதே. மாதாகிட்ட வேண்டிக்கோ.”

பீனாவின் சிரிப்பு அடங்கியது. காய்ச்சலில் கிடக்கும் மகனின் பெயரைச் சொல்லி முழங்காலிட்டாள். ஒவ்வொருத்தியாக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சுடர் பட்டதும் சுவரில் அந்த முகம் உயிரோடு அசைவதுபோல் இருந்தது. இனி அது வெறும் சாயமல்ல. மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்ட மாதாவின் மேல் சியெனாவில் எவனும் உளி வைக்க மாட்டான். அது நூத்தாவுக்கும் தெரியும். செய்தி கேட்டு ஓடிவந்த கீனோவுக்கும் தெரியும்.

“எல்லாரும் வெளிய போங்க! மேயோ, கொத்துடா!”

நூத்தா சாரத்தில் ஏறி, கணவன் கையிலிருந்த உளியை வாங்கிக் கீழே நீட்டினாள். “நீங்களே கொத்துங்க ஐயா. தொப்பியைக் கழட்டிட்டு ஏறுங்க. மாதா பாக்குறாங்க.”

பெண்கள் எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். கீனோவின் கை உளியைத் தொடவில்லை. மெல்ல மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது.

மேயோ மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். “எங்க அண்ணனுக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லவா?”

“சொல்லு,” என்றாள் நூத்தா. “ஊற்றுக்கரை வரைக்கும் கேக்கணும்.”